மின்கம்பத்தில் ஏறும்போது வேண்டிய சட்டம் வீட்டு வாசலுக்கு எதற்கு, அண்ணாச்சி?

வாசகர் கடிதம்:

மேடம், எனக்கு வயது 47. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஏழாம் வகுப்பு படிக்கும் மகன். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. ஆபீஸில் முதுகுக்குப் பின்னால் ‘சட்டாம்பிள்ளை’ என்பார்கள். நான் கண்டுகொள்வதில்லை. 11 வருடத்துக்கு முன் என் கண்ணெதிரே ஒரு வயர்மேன் இறந்தார். எல்.சி. (லைன் கிளியர், லைனில் கரண்டை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கித்தான் ஏறினார், ஆனால் எர்த் போடவில்லை. பக்கத்து மண்டபத்து ஜெனரேட்டரிலிருந்து ரிட்டர்ன் சப்ளை வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் எதிலும் விட்டுக்கொடுப்பதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். செருப்பு ஸ்டாண்டில் ஜோடி ஜோடியாக, முனை வெளியே பார்த்து இருக்க வேண்டும். பேப்பரைப் படித்தால் பழைய மடிப்பிலேயே மடித்து வைக்க வேண்டும். போன மாதம் மகளுடைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டில் மார்ஜின் கோணலாக இருந்தது. நான்கு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். முடிக்க ராத்திரி பன்னிரண்டரை ஆனது. காலாண்டு லீவுக்குக் கல்லிடைக்குறிச்சி ஆச்சி வீட்டுக்குப் போனவள், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வீட்டுக்கு வரவில்லை. அங்கிருந்தே பஸ்ஸில் போய் வருகிறாள்.

இந்த ஆவணியில் தங்கை மகள் கல்யாணம். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் தாய்மாமன் என்ற முறையில் பந்தியை நான்தான் பார்த்துக்கொண்டேன். இலையில் இஞ்சிப் பச்சடி வைக்காமல் சோறு போட வந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். பச்சடி வர அரை மணி நேரம். தங்கை மாப்பிள்ளை வந்து, ‘சவத்த விடுங்க மச்சான், பிள்ளைகள் பசியோட இருக்கு’ என்றார். நான் விடவில்லை. அதிலிருந்து அந்த வீட்டிலும் பேச்சு இல்லை. என் மனைவி, ‘உங்க கூட இருக்கது கோர்ட்டுல நிக்க மாதிரி இருக்கு’ என்கிறாள்.

மகள் திரும்பி வருவதற்காக வீட்டு விதிகளைக் குறைத்து, 14 பாயின்ட்டில் ஓர் ஒப்பந்தம் டைப் செய்து வைத்திருக்கிறேன். எல்லாரும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பலாமா? ஒழுங்காக இருப்பது ஒரு வியாதியா? மாற வேண்டியது நானா, அவர்களா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாளையங்கோட்டை

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

நம்ம ஊர்க்காரர், அப்படியே கூப்பிடுகிறேன். முதலில் அவசரமான விஷயம். அந்த ஒப்பந்தத்தை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், ‘அதைப் படிக்க வேண்டாம்மா, அழித்துவிடு’ என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நிறைய விதி இருந்த இடத்தில் பதினான்காகக் குறைத்திருக்கிறீர்கள், உங்கள் கணக்கில் அது பெரிய விட்டுக்கொடுத்தல்தான். நீங்கள் அதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்றும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை அதைத் திறந்து பார்த்தால், அப்பா தன்னைத் தேடவில்லை, தன் கையெழுத்தைத்தான் தேடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். இப்போது கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறவள் மனதால் இன்னும் தூரம் போய்விடுவாள்.

இனி உங்கள் கேள்வி. ஒழுங்காக இருப்பது வியாதி இல்லை. உங்கள் வேலையில் ஒழுங்குதான் உயிர். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் டிஸ்சார்ஜ் ராடு போட்டு, வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் செய்த பிறகுதான் கம்பத்தைத் தொட வேண்டும். எல்.சி. வாங்கியவர்தான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு யாரும் கொடுக்கக் கூடாது. இதில் ஒரு படியைக் கூட ‘சும்மா, சீக்கிரம் முடித்துவிடலாம்’ என்று தாண்ட ஒருவரையும் விடாதீர்கள். அதற்காக உங்களைச் சட்டாம்பிள்ளை என்று சொன்னால் சொல்லட்டும். நீங்கள் விட்டுக்கொடுக்காததால் ராத்திரி முழுசாக வீடு திரும்பிய வயர்மேன்கள் எத்தனை பேரோ, அவர்கள் வீட்டாருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் அந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எர்த் ஏன் போடுகிறோம்? எங்கேயோ ஒரு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் பின்னால் வந்தால், அது ஆளுக்குள் போகாமல் மண்ணுக்குள் போக வேண்டும். காரணம் இருப்பதால்தான் அந்தச் சட்டத்துக்கு மரியாதை. இப்போது மறுவீட்டுப் பந்திக்கு வருவோம். சொதிக்கு இஞ்சிப் பச்சடி ஏன்? மூன்று பால் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்தது, வயிற்றில் கனமாகக் கிடக்கும், செரிக்க வேண்டும். சாப்பிடுகிற ஆளின் வயிற்றை நினைத்து ஏற்படுத்திய முறை அது. நீங்கள் முறையைக் காப்பாற்றினீர்கள். யாருக்காக அந்த முறையோ, அவர்களை இலைக்கு முன்னால் அரை மணி நேரம் பசியோடு உட்கார வைத்தீர்கள். பச்சடி இரண்டாம் சோற்றுக்கு வந்திருந்தாலும் யார் வயிறும் கெட்டிருக்காது. உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது அந்த இடம்தான். காரணத்தை விட்டுவிட்டு முறையை மட்டும் பிடித்துக்கொண்டால், அது எதைச் செய்வதற்காக வந்ததோ அதற்கு நேர் எதிரானதைச் செய்துவிடுகிறது.

உங்கள் துறையில் இருக்கிற உங்களுக்கு இது புதிய விஷயமும் இல்லை. தொழிற்சங்கங்கள் ‘விதிப்படி வேலை’ என்று ஒரு போராட்டம் நடத்துமே, ரயில்வேயிலும் நடந்திருக்கிறது. யாரும் வேலையை நிறுத்துவதில்லை. புத்தகத்தில் உள்ள விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள், அவ்வளவுதான். அதிலேயே வேலை நகராமல் முடங்கிப் போகிறது. விதியோடு கூடவே மனிதர்களின் நிதானமும் பழக்கமும் விட்டுக்கொடுத்தலும் இருப்பதால்தான் எந்த ஆபீஸும் நடக்கிறது. குடும்பத்துக்கு அது இன்னும் அதிகம் வேண்டும்.

வியாதியா என்ற கேள்வியை இதோடு விட்டுவிட முடியாது. இரண்டு விஷயத்தை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது, பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது என்று வரும். அந்த எண்ணம் தேவையில்லாதது என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும், ஆனாலும் விட முடியாமல் தவிப்பார்கள். இன்னொன்று ஆளுமையிலேயே ஊறிப்போன இறுக்கம். இதை டாக்டர்கள் ஓ.சி.பி.டி. என்பார்கள். இதில் அந்த ஆளுக்குத் தான் செய்வது சரி என்றே படும். தவிப்பதெல்லாம் கூட இருப்பவர்கள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022-லிருந்து நடைமுறையில் இருக்கும் 11-ஆம் பதிப்பு, இந்தக் குணத்தை ‘அனன்காஸ்டியா’ என்ற பெயரில் சேர்த்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு எட்டு அடையாளங்களைச் சொல்லி, அதில் குறைந்தது நான்கு இருந்தால்தான் யோசிக்கச் சொல்கிறது. விவரத்திலும் விதியிலும் பட்டியலிலும் மூழ்கி, செய்யும் காரியத்தின் நோக்கத்தையே தவறவிடுவது அதில் ஒன்று. குற்றமே இல்லாமல் செய்ய வேண்டும் என்று முயன்று வேலையையே முடிக்க முடியாமல் போவது, தன் முறைப்படி செய்யாதவரிடம் ஒரு வேலையையும் ஒப்படைக்காதது, பிடிவாதம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

உங்களுக்கு அது இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. அதை நேரில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு வரும் கடிதங்களை எழுதுவது பெரும்பாலும் மனைவியோ மகனோ மருமகளோதான். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘மாற வேண்டியது நானா’ என்ற கேள்வியும் உங்கள் கையால் எழுதியது. அது எனக்குப் பெரிய நம்பிக்கை.

அந்த வயர்மேனைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு, உடனே செருப்பு ஸ்டாண்டுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை, அண்ணாச்சி. கூட வேலை பார்த்தவர், காலையில் ஒன்றாக டீ குடித்திருப்பீர்கள். ஒரே ஒரு படி தவறியதற்கு ஓர் உயிர். அதைப் பார்த்த மனசு, இனி எங்கேயும் எதுவும் தவறவே கூடாது என்று முடிவு கட்டிக்கொள்வது இயற்கை. கொஞ்சம் பிறவிக் குணமாகவும் கொஞ்சம் வளர்ந்த வீட்டிலிருந்தும் வருகிற இறுக்கம், இப்படி ஓர் அதிர்ச்சிக்குப் பிறகு இன்னும் கெட்டிப்படலாம். கோணல் மார்ஜினைப் பார்த்தபோது உங்களுக்கு வந்தது வெறும் கோபம் இல்லை என்று நினைக்கிறேன். அடியில் பயம் இருந்திருக்கும். இந்தப் பிள்ளை இதைக் கவனிக்கவில்லை என்றால் நாளைக்கு வேறு எதைக் கவனிக்காமல் விடுவாளோ என்ற பயம். அந்த மரணத்தைப் பற்றி இந்த 11 வருடத்தில் யாரிடமாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? இல்லையென்றால் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதுவரை நீங்களே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். வீட்டில் நீங்கள் பிடித்துவைத்திருக்கும் ஒவ்வொரு முறையையும் எடுத்து, ‘இதை மீறினால் யாருக்கு என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடாவிட்டால்? ஆபத்து. ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால்? அது உங்களுக்கே தெரியும். பிள்ளை ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் ஏறினால்? இவற்றை ஒரு துளியும் தளர்த்த வேண்டாம். சரி, செருப்பு கோணலாகக் கிடந்தால்? யாருக்கும் ஒன்றும் ஆகாது. உங்களுக்கு மட்டும் நெஞ்சுக்குள் படபடவென்று வரும். அப்படியானால் அந்த விதி காப்பாற்றுவது செருப்பையும் இல்லை, வீட்டையும் இல்லை, உங்கள் படபடப்பைத்தான். உங்கள் படபடப்பு அடங்குவதற்காக மற்ற மூன்று பேர் தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

படபடப்புக்கு வேறு வழி இருக்கிறது. அது மேலே ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் தானே இறங்கும். நீங்கள் உடனே செருப்பைத் திருப்பி வைத்துவிடுவதால் அது தானே இறங்கும் என்பதை உங்கள் மனசு கற்றுக்கொள்ளவே இல்லை. இன்று சாயங்காலம் உங்கள் செருப்பையே கோணலாக விட்டுவிட்டு உள்ளே போங்கள். மற்றவர்களுடையதை அல்ல, உங்களுடையதை. படபடப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று மனசுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து மறுபடி போடுங்கள். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும், எரிச்சல் வரும். எழுந்துபோய் சரி செய்யாமல் இருப்பது ஒன்றுதான் உங்கள் வேலை. அது பழகிய பிறகு பேப்பர் மடிப்பு. அப்புறம் இன்னொன்று. ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று சபதம் போடாதீர்கள். அதுவும் அந்தப் பழைய பிடிவாதம்தான், ஒரு நாள் தவறினால் மொத்தமும் போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

இப்போது உங்கள் மகள். கல்லிடைக்குறிச்சிக்கு நேரில் போங்கள். போன் வேண்டாம், மதினி (உங்கள் மனைவியைத்தான் சொல்கிறேன்) மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். திரும்பக் கூட்டிவரப் போவதாக நினைத்துப் போகாதீர்கள், மன்னிப்புக் கேட்கப் போங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். ‘உன் நோட்டைக் கிழித்தது தப்பும்மா. நீ பாடுபட்டு எழுதியதைக் கிழித்தேன். ராத்திரி பன்னிரண்டரை வரை உன்னை உட்கார வைத்தேன். இனி உன் நோட்டில் கை வைக்க மாட்டேன்.’ இவ்வளவு போதும். இதற்குப் பிறகு ‘ஆனாலும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று சொல்லாதீர்கள். அவள் அழலாம், கோபமாக ஏதாவது சொல்லலாம், ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போகலாம். அவள் பேச்சில் மரியாதை குறைந்தாலும் அன்றைக்குத் திருத்த வேண்டாம். ஆச்சியிடம் ஒரு வாய் காபி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். எப்போது வீட்டுக்கு வருவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அதுவரை பஸ் செலவு, புத்தகம், டியூஷன் என்று எதிலும் குறை வைக்காதீர்கள், அதைச் சொல்லியும் காட்டாதீர்கள்.

அவள் போன வருடம் பத்தாம் வகுப்புத் தமிழில் வழு, வழாநிலை, வழுவமைதி படித்திருப்பாள். இலக்கணம் என்றாலே கறார்தான். அந்தக் கறாரான இலக்கணமே, தகுந்த காரணம் இருந்தால் பிழையைப் பிழை இல்லை என்று ஏற்றுக்கொள்ள ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. அதற்குப் பாடப்புத்தகத்தில் என்ன உதாரணம் தெரியுமா? மகளைப் பார்த்துத் தாய் ‘வாடா ராசா, வாடா கண்ணா’ என்று கூப்பிடுவது. விதிப்படி அது தப்பு, பெண்பிள்ளையை ஆண்பாலில் கூப்பிடக் கூடாது. உவப்பினால் சொன்னதால் சரி என்கிறது இலக்கணம். பாசத்துக்காகத் தமிழ் இலக்கணமே தன் விதியை வளைத்திருக்கும்போது, ரெக்கார்டு நோட்டு மார்ஜினுக்கு நாம் அவ்வளவு நின்றிருக்க வேண்டியதில்லை, அண்ணாச்சி.

மகனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைக்கு மேல் எழுதவில்லை. வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்கும் பிள்ளையைத்தான் நான் அதிகம் விசாரிப்பேன். எழுதியதையே அழித்து அழித்து எழுதுகிறானா? மார்க் குறைந்த பேப்பரை ஒளித்து வைக்கிறானா? ஒரு சின்ன விஷயத்துக்கும் ‘இப்படிச் செய்யலாமாப்பா’ என்று கேட்டுவிட்டுத்தான் செய்கிறானா? அப்படி இருந்தால் அதை அடக்கமான பிள்ளை என்று பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் உங்களிடமிருந்து அவனுக்குப் போகிறது. தப்பு செய்து, அதைத் தானே திருத்திப் பழகாத பிள்ளை, பரீட்சை ஹாலில் ஒரு கணக்கு வரவில்லை என்றால் மற்ற கணக்கையும் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். அவன் முன்னால் நீங்கள் ஒரு தப்பு செய்து, ‘அடடா, தப்பாயிடுச்சே’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது அவனுக்குப் பெரிய பாடமாக இருக்கும்.

மதினி சொன்னதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோர்ட்டில் நிற்கிற மாதிரி என்று ஒரு பெண் சொன்னால், எவ்வளவு காலமாகக் கூண்டில் நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். சமையல்கட்டை முழுக்க அவர் பொறுப்பில் விடுங்கள். டப்பாவை எங்கே வைப்பது, காயை எப்படி நறுக்குவது, எதிலும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் செய்து முடித்ததை நீங்கள் போய் மறுபடி செய்யவும் கூடாது. சொல்லித் திருத்துவதை விட, ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய் மாற்றி வைப்பது இன்னும் காயப்படுத்தும். கை நீட்டியதாக நீங்கள் எழுதவில்லை. எப்போதாவது நடந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தங்கை வீட்டு விஷயம் இவ்வளவு சிக்கல் இல்லை. தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் போய், மாப்பிள்ளையிடம் ‘அன்றைக்கு நீங்க சொன்னதுதான் சரி’ என்று சொல்லிவிடுங்கள். நம்ம ஊரில் அதற்கு மேல் யாரும் இழுக்க மாட்டார்கள்.

சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். காலையில் ஓ.பி. நேரத்தில் போங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். இதற்குப் பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சைதான். கூடவே மனச்சோர்வோ அதிகப் பதற்றமோ இருந்தால் டாக்டர் மாத்திரையும் தரலாம். உடனே பலன் தெரியாது, மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும். முதல் தடவை போகும்போது மதினியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் நடப்பதை நீங்கள் சொன்னால் விதிகள் மட்டும்தான் டாக்டருக்குத் தெரியவரும். அந்த விதிகளுக்குள் இருப்பது எப்படி இருக்கிறது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், அவர் பேசி முடிக்கும் வரை நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.